பக்கத்து வீட்டுக் காற்று

'டக், டக், டக்' என்று மரப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும் சத்தம்தான் எங்கள் தெருவுக்கு நாலு மணி. பக்கத்து வீட்டு மதாம், காலை பத்து மணிக்கே சாத்திவிட்ட தன் உயரமான ஜன்னல்களின் சாய்பலகைகளை அப்போதுதான் திருப்புவார். திருப்பிய சற்று நேரத்துக்கெல்லாம் கடற்கரைப் பக்கமிருந்து உப்பு வாசனையோடு ஒரு காற்று தெருமுனை திரும்பி வந்து, எங்கள் வாசலை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டிப்போய், நேராக அந்த வீட்டுக்குள் நுழையும். அவர்கள் வீட்டு வெள்ளைத் திரைச்சீலைகள் உள்பக்கமாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதை எங்கள் வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்து வயிறெரிந்திருக்கிறேன் என்று சொல்வதுதான் சரி. பத்து வயதுப் பெண்ணுக்குக் காற்றின் மேல் பொறாமை வருமா என்று கேட்பவர்கள், காற்று வராத வீட்டில் வளராதவர்கள்.

எழுபதுகளின் கடைசி அது. புதுச்சேரி நகரத்தில், கால்வாய்க்கு மேற்கே, மில்லுக்குப் போகும் வழியில் இருந்தது எங்கள் தெரு. மதாமின் வீடு பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டியது. அந்த வீட்டுக்கு ஒரு காலத்தில் இருந்த பக்கத்துத் தோட்டத்தை யாரோ வாங்கி, அதில் ஒன்றோடொன்று ஒட்டிய ஆறு வீடுகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த 'லைன் வீடு'களில் முதலாவது எங்களுடையது. தோட்டத்தை விற்றவர்கள் காற்றை மட்டும் விற்காமல் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள் என்பது அன்றைய என் தீர்மானம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்பதால் எங்கள் வீட்டில் பக்கவாட்டு ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. தெருவைப் பார்த்து ஒரு கதவு, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். பின்னால் சமையலறை, அதிலிருந்து சாக்கடைச் சந்துக்குத் திறக்கும் ஒரு கதவு. இருந்த ஒரே ஜன்னலையும் இரண்டு டிரங்குப் பெட்டிகளும், அவற்றின் மேல் சுருட்டி வைத்த பாய் தலையணைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்று தொங்கியது. மதாம் வீட்டு ஹாலிலும் அதே மாதிரி ஒரு காலண்டர் உண்டு. நாலு மணிக்கு மேல் அது படபடவென்று அடித்துக்கொள்வது தெரு வரைக்கும் கேட்கும். எங்கள் காலண்டர், காலையில் அம்மா தேதி கிழிக்கும்போது மட்டும் அசையும்.

அப்பாவுக்குப் பஞ்சு மில்லில் வேலை. 'மொதல் ஷிப்டு' முடிந்து, மில் சங்கு ஊதி, தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு வீட்டுக்கு வருவார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் ஆறு மணி வரைக்கும் தூக்கம். தெருப்பிள்ளைகளின் கூச்சலில் அவர் எழுந்துவிடக் கூடாது என்று அம்மா வாசற்கதவைச் சாத்தி வைப்பாள். ஐந்து மணிக்கு மரத்தூள் அடுப்பை மூட்டுவாள். தகர டின்னில் மரத்தூளைக் கெட்டியாக இடித்து அடைத்து, நடுவில் துளை விட்டு எரிக்கிற அந்த அடுப்பு, பற்றிக்கொண்ட பிறகு சாது. பற்றிக்கொள்வதற்கு முன்னால் அது கக்கும் புகையில் எதிரே இருப்பவர் யார் என்று தெரியாது. புகை வெளியே போக இருந்த ஒரே வழி சந்துக் கதவு. அதைத்தான் அம்மா அடுப்பு மூட்டுவதற்கு முன்பே சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். கொசு ஒரு காரணம் என்றாலும் அது சின்னக் காரணம். பெரிய காரணத்தை அவள் தினமும் ஒரு முறை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல பின்கதவு தொறந்திருந்தா, முன்னால வர்ற லச்சுமி நிக்காம அப்படியே பின்னால போயிடுவா."

விளக்கு வைக்க ஆறரை மணி ஆகும். லட்சுமி கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அம்மா ஐந்து மணியிலிருந்தே ஜாக்கிரதையாக இருந்தாள். ஆக, ஊர் முழுக்கக் கடற்காற்று அடிக்கிற நேரத்தில் எங்கள் வீடு மட்டும் முன்னும் பின்னும் மூடிக்கொண்டு, உள்ளே இருக்கிற புகையையும் பஞ்சுத் தூசியையும் எங்களுக்கே திரும்பத் திரும்பப் பரிமாறிக்கொண்டிருந்தது.

அதை அதிகம் வாங்கிக்கொண்டவள் என் தங்கை வசந்தா. அவளுக்கு ஆறு வயது. சாயங்காலமானால் அவளுக்கு 'இழுப்பு' வந்துவிடும். முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பாள், மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து மெலிதாக விசில் கேட்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனபோது டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டை நல்ல காற்றோட்டமாக வைத்துக்கொள்ளச் சொன்னாராம். அம்மாவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

"காத்துக்கு நான் எங்க போறது? பெரிய மார்க்கெட்டுல கட்டு கட்டி விக்கிறாங்களா?"

அப்பா எங்கிருந்தோ பழைய மேஜை விசிறி ஒன்றைக் கொண்டுவந்தார். அது கழுத்தைத் திருப்பித் திருப்பி, சமையலறையில் இருந்த புகையை முன்னறைக்கும் முன்னறையில் இருந்ததைச் சமையலறைக்கும் மாற்றி மாற்றி அனுப்பியது. வசந்தாவுக்கு இழுப்பு அதிகமாயிற்று.

அப்போதுதான் ஒரு நாள் மதாம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதாம் என்றதும் வெள்ளைக்காரப் பெண்மணி என்று நினைத்துவிட வேண்டாம்; என்னைவிட ஒரு மாற்றுக் கறுப்பு. வீட்டில் பூப்போட்ட கவுன், மாதா கோவிலுக்குப் போகும்போது பட்டுப்புடவை. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பாஷையில் 'சொல்தா'வாக, இருந்து, சைகோன் எல்லாம் பார்த்துவிட்டு வந்து இறந்துபோனவர். ஒரே மகன் பாரிஸில். அந்தப் பெரிய வீட்டில் அவர் ஒருவர்தான் இருந்தார். ஒரு ஆளுக்கு அவ்வளவு காற்று எதற்கு என்று நான் பல நாள் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

"சரோஜா, ஒம் புள்ள மூச்சு வுடுறது செவுத்துக்கு அந்தாண்ட எனக்குக் கேக்குது. நாலு மணிக்கு எங்கிட்ட அனுப்பிடு. ஜன்னலாண்ட உக்காரட்டும். சமையல் முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போ" என்றார் அம்மாவிடம்.

மறுநாளிலிருந்து வசந்தா போக ஆரம்பித்தாள். தலை வாரி, பவுடர் போட்டு, அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் மதாம் வீட்டு வாசலில் விடுவது என் வேலை. விட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். "நீயும் போயி நிக்காத. பிச்சைக்கு வந்த மாரி இருக்கும்" என்பது அம்மாவின் கண்டிப்பான உத்தரவு. வாசலில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் உள்ளே தெரிவதையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன்: தெருக்கதவிலிருந்து ஹால், ஹாலிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து பின்கட்டு, அங்கிருந்து கொல்லை என்று எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில் திறந்து கிடக்கும். காற்று அந்த வழியே யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருக்கும். மதாமின் பிரம்பு சோபாவில், கால் தரையில் எட்டாமல், முடி பறக்க, என் தங்கை மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

ஏழரை மணிக்கு அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரும்போது அவள் வாயில் 'பிஸ்கோத்து' வாசனை அடிக்கும். நானோ அதுவரை கண் எரிய எரிய அம்மாவுக்கு வெங்காயம் உரித்து, அடிபம்பில் தண்ணீர் அடித்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். என் பாவாடையில் மரத்தூள் புகை நாறும். வந்தவள் சும்மா இருக்கவும் மாட்டாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் 'மெர்சி' என்பாள், பிரெஞ்சில் நன்றியாம். பெர்சியேன் என்பாள், மதாம் தன் சாய்பலகை ஜன்னலைச் சொல்கிற பேர் அது. அந்த வீட்டுக் காலண்டரில் தேதி கிழிக்கிற வேலையைக்கூட மதாம் இவளுக்கே கொடுத்துவிட்டாராம். தினமும் போனதும் ஸ்டூல் மேல் ஏறி அவள்தான் கிழிப்பாளாம்.

எனக்கு அந்த நாட்களில் இருந்த பொறாமையை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. வெறும் பக்கத்து வீட்டு வசதியின் மேல் வந்த பொறாமையாக இருந்தால் அது பெரியவர்களுக்கும் வருவதுதான். என் பொறாமை ஒரு நோயாளிக் குழந்தையின் மேல், அவளுடைய நோயின் மேல் வந்தது. எனக்கு ஏன் இழுப்பு வரவில்லை என்று ஏங்கினேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைப் போலவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து 'ஈஈ' என்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். அம்மா என் முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"இது தொண்டையில இழுக்குது. நெஞ்சுல இழுக்கல. எழுந்து போயி தண்ணி அடி."

இரண்டு மாதத்தில் வசந்தாவுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. மாத்திரை பாதியாகக் குறைந்தது. மதாம் சொன்னதையெல்லாம் அவள் எனக்குப் பாடம் நடத்தத் தொடங்கினாள்.

"காத்து உள்ள வர ஒரு வழி வேணும், வெளிய போவ ஒரு வழி வேணும். போற வழிய அடைச்சிட்டா வர்ற காத்தும் வராது. தெரியுமா ஒனக்கு? வெயில்ல ஜன்னல தொறந்தா அனல்தான் வரும். அதனாலதான் பத்து மணிக்கு மூடுறது."

நானோ, மதாம் பகலில் ஜன்னலை மூடுவது, காற்றைத் தெருவுக்குக் கொடுக்க மனமில்லாமல் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். அதைத் தங்கையிடம் ஒப்புக்கொள்ள முடியுமா? "அவ்ளோ இருந்தா நீ அங்கயே போயி இருந்துக்கயேன்" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "மதாமும் அதத்தான்க்கா சொன்னாங்க!"

உண்மைதான். அந்த வாரமே மதாம் அம்மாவிடம் பேசினார். பெண் இரவும் பகலும் தன்னிடமே இருக்கட்டும், கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைக்கிறேன், நெஞ்சு பலப்படுகிற வரையில் இந்தப் புகையில் அவள் இருக்க வேண்டாம், யோசித்து ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள் என்றார். அம்மா வீட்டுக்கு வந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தில் கண்ணீர் சொட்டியதைப் பார்த்தேன். அப்பா, "நடுவுல ஒரு செவுருதான சரோ. கூப்புட்டா கேக்குற தூரம்" என்றார்.

"புள்ளய குடுக்குறதுக்கு ஒரு செவுரு என்னா, ஒரு கடல் என்னா" என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, மாட்டேன் என்று சொல்ல அவளிடம் ஒரு வழியும் இல்லை. வைத்துக்கொண்டால் பெண்ணுக்கு மூச்சுத் திணறும்; கொடுத்துவிட்டால் பெண் இன்னொருவர் வீட்டுப் பெண்ணாகிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது.

எனக்கு அம்மாவின் கண்ணீர் பெரிதாகப் படவில்லை என்பதை இன்று எழுதும்போது கை கூசுகிறது. அந்த நாலு நாளும் என் மனசில் ஓடியதெல்லாம் ஒன்றுதான். திரைச்சீலை, சோபா, பிஸ்கோத்து, தேதி கிழிக்கிற காலண்டர், கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தின் நீலப் பாவாடை, எல்லாம் அவளுக்கு. மரத்தூள் அடுப்பு எனக்கு.

வெள்ளிக்கிழமை வந்தது. அது தவக்காலம், வெள்ளிக்கிழமைதோறும் மதாம் சிலுவைப்பாதைக்குக் கோவிலுக்குப் போய்விடுவார், அன்று மட்டும் வசந்தா வீட்டில் இருப்பாள். வாரத்தில் எனக்குப் பிடித்த நாள் அது. அன்று அவளும் நானும் ஒரே புகையில் சமம். ஆனால் அன்றைக்கு ஐந்தரை மணிக்கே அவளுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா எழுந்து அவளை மடியில் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த விசில் சத்தம் கேட்கக் கேட்க அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்ன பதில் சொல்வது என்று அந்தச் சத்தம்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆறரை மணி. வெள்ளிக்கிழமை விளக்கு என்பதால் அம்மா முகம் கழுவி, பூ வைத்து, வாசற்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, முன்னறையில் குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைச் சமையலறையில் உலையைப் பார்க்கச் சொல்லியிருந்தாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு புகைக்குள் நின்றேன். எனக்கு நேர் எதிரே சந்துக் கதவின் தாழ்ப்பாள்.

மதாம் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லைக் கதவு திறந்துதான் இருக்கிறது. இருந்தும் அந்த வீட்டை விட்டு எந்த லட்சுமியும் போகவில்லை. எங்கள் வீட்டில் கதவைச் சாத்திச் சாத்திக் காப்பாற்றி வைத்த லட்சுமி யாருக்கு என்ன கொடுத்தாள்? கொடுத்ததெல்லாம் வசந்தாவுக்குத்தானே கொடுத்தாள்? அப்படியானால் போகட்டும். இந்த வீட்டை விட்டுப் போகட்டும், போகும்போது வசந்தாவின் அதிர்ஷ்டத்தையும் எடுத்துக்கொண்டு போகட்டும். இப்படித்தான் நினைத்தேன். வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. முன்னறையில் அம்மா தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டதும், அவள் திரியில் சுடர் வைக்கிற நேரம் பார்த்துத் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

திறந்த மாத்திரத்தில் என் முதுகை யாரோ தள்ளினாற்போல் இருந்தது. வாசல் வழியாக வந்த கடற்காற்று, போக ஒரு வழி கிடைத்ததும், வீட்டைக் குறுக்கே கடந்து என்னைத் தாண்டிச் சந்துக்குள் பாய்ந்தது. அடுப்புப் புகை முழுக்க அதோடு சேர்ந்து வெளியே போயிற்று. முன்னறையில் எங்கள் காலண்டர் முதல் தடவையாகப் படபடவென்று அடித்துக்கொண்டது. அம்மா ஏற்றிய சுடர் அணைந்தது.

வெள்ளிக்கிழமை விளக்கு அணைந்துவிட்டது! அம்மா ஓடி வந்து, திறந்த கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கொடுத்த அறையில் என் காதில் மில் சங்கு ஊதியது.

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா! பாவி, வூட்டுல இருக்குறத எல்லாம் தொரத்துறியா?"

தொரத்தத்தான் செய்தேன். அம்மா கதவைச் சாத்தப் போனாள். அப்போது முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை.

"சரோ, கதவ சாத்தாத. இங்க வா. புள்ள மூச்ச கேளு."

அம்மா தாழ்ப்பாளில் கை வைத்தபடியே நின்றாள். பிறகு முன்னறைக்குப் போனாள். நானும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வசந்தா அப்பாவின் மடியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முடி பறந்துகொண்டிருந்தது. எல்லோரும் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் விசில் கேட்டது. பிறகு விட்டு விட்டுக் கேட்டது. உலை பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் வந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

"ஒண்ணும் கேக்கலியே" என்றாள் அம்மா.

"கேக்கலல்ல. அதான் சொல்றேன்" என்றார் அப்பா.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். "கதவ தொறக்கணும்னு இவளுக்குத்தான் தோணிருக்கு பாரு. மில்லுல அவ்ளோ பெரிய பேன் ஓடுதே, அது தூசிய எங்க தள்ளுதுன்னு தெனம் பாக்குறேன், எனக்குத் தோணல. தங்கச்சிக்கு மூச்சு முட்டுதேன்னு துடிச்சிருக்கா. அவளப் போயி அடிச்சியே."

அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, அறைந்த கன்னத்தைத் தடவினாள். அந்தக் கைக்கு நான் தகுதியில்லாதவள் என்று எனக்குத் தெரிந்தது, இருந்தும் எடுத்துக்கொண்டேன். எத்தனையோ நாள் கழித்துக் கிடைத்தது அல்லவா?

லட்சுமி விஷயத்தில் அம்மா அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் முழுக்க யோசித்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தாள். விளக்கைச் சுவர் மாடத்துக்குள் காற்றுப் படாமல் வைப்பது. ஏற்றி, சூடம் காட்டி முடிக்கிற வரைக்கும் பின்கதவைச் சாத்தி வைப்பது. அதற்கு முன்னாலும் பின்னாலும் திறந்துவிடுவது. "உள்ள வந்து உக்காந்துட்டான்னா அப்புறம் கதவு தொறந்திருந்தா அவளுக்கு என்னா? அவளுக்கும்தான் புழுங்கும்" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்பா டிரங்குப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி ஜன்னலை விடுவித்தார், மரத்தூள் அடுப்பைச் சந்துக் கதவின் நிலைப்படிக்கு நகர்த்தினார், கொசுவுக்குப் பழைய வேட்டியைக் கிழித்துக் கதவில் தொங்கவிட்டார். சாயங்காலம் வாசற்கதவையும் சாத்தக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். தெருக்கூச்சலோடு தூங்கப் பழகிக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் வசந்தா எங்கள் வீட்டிலேயே, எங்கள் பாயிலேயே, விசில் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மதாம் வீட்டுக்குப் போய், "புள்ள எங்கிட்டயே இருக்கட்டும் மதாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. எனக்கு இல்லாதது அவளுக்கும் இல்லை.

திங்களோ செவ்வாயோ, மதாம் என்னைத் தெருவில் பார்த்துக் கூப்பிட்டார். "பெரியவ ஒரு நாளும் உள்ள வந்ததில்லையே. வாயேன்." முதல் தடவையாக அந்த ஹாலுக்குள் போய் அந்தப் பிரம்பு சோபாவில் உட்கார்ந்தேன். காற்று வந்தது. அது எங்கள் வீட்டில் இப்போது வருகிற அதே காற்றுதான். அதற்குப் போய் அவ்வளவு நாள் வயிறெரிந்தோமே என்று இருந்தது. எதிர்ச்சுவரில் காலண்டர் அடித்துக்கொண்டிருந்தது. அதில் வியாழக்கிழமைத் தேதி அப்படியே இருந்தது. வசந்தா கடைசியாக வந்தது வியாழக்கிழமை. நான் அதைப் பார்ப்பதை மதாம் பார்த்துவிட்டார்.

"நீ கிழிக்கிறியா?" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

ஏறி ஒவ்வொரு தாளாகக் கிழித்தேன். மதாம் பிஸ்கோத்து கொடுத்தார். எனக்கு 'மெர்சி' சொல்ல வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மகன் வந்து மதாமைப் பாரிஸுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வீடு இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதி. சாய்பலகை ஜன்னல்கள் இருக்கின்றன, அழகாக மஞ்சள் பெயிண்ட் கூட அடித்திருக்கிறார்கள். ஆனால் பலகைகள் திரும்பாதபடி ஆணி அடித்து, உள்பக்கம் கண்ணாடி போட்டு மூடியாகிவிட்டது. வெளியே ஏசி இயந்திரங்கள் தெருவைப் பார்த்து அனலை ஊதுகின்றன. எங்கள் லைன் வீடுகள் இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். மில்லும் இல்லை, சங்கும் இல்லை, அந்த 'டக், டக், டக்' இல்லாமல் தெருவில் நாலு மணி ஆவதே தெரிவதில்லை.

வசந்தா லாஸ்பேட்டையில் இருக்கிறாள். அவளுக்கு இழுப்பு நின்று பல வருஷம் ஆகிறது. அவள் வீட்டிலும் ஏசி உண்டு. ஆனால் சாயங்காலம் ஆனால் அதை நிறுத்திவிட்டு, பால்கனிக் கதவையும் சமையலறை ஜன்னலையும் எதிரும் புதிருமாகத் திறந்து போட்டுவிடுவாள். மருமகள் முகம் சுளித்தால், உடனே அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவாள். எங்கக்கா பத்து வயசுலயே கண்டுபுடிச்சது இது, அன்னிக்கு எங்கக்கா மட்டும் அம்மா அடிப்பாங்கன்னு பயந்து கதவத் தொறக்காம இருந்திருந்தா நான் இன்னிக்கு யாரு வூட்டுலயோ யாரு புள்ளையாவோ இருந்திருப்பேன் என்று, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்வாள். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவள் கண் கலங்கும்.

போன மாதம் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "நீ நெனைக்கிற மாரி இல்ல வசந்தா. ஒம் மேல இருந்த பொறாமையிலதான்டி தொறந்தேன். ஒன் அதிஷ்டம் போவட்டும்னு தொறந்தேன்."

அவள் என் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். "போக்கா. செஞ்ச நல்லதக்கூட ஒத்துக்க மாட்ட நீ. சின்னதுல இருந்தே இப்படித்தான்."

காற்று வந்துகொண்டிருந்தது. எதற்கும் பொறாமைப்பட இப்போது என்னிடம் காரணம் கிடையாது. என் வீட்டிலும் நாலு பக்கமும் ஜன்னல் இருக்கிறது. ஆனாலும் வசந்தா தன் மனசில் வைத்திருக்கிறாளே ஓர் அக்கா, தங்கைக்கு மூச்சு முட்டுகிறதே என்று துடித்துப்போய்க் கதவைத் திறந்தவள், அவளை மட்டும் நினைத்தால் எனக்கு இன்றும் வயிறெரிகிறது.